உஷார்! பரணில் கிடக்கும் ஒத்தைக்குழல்

கைப்பேசிக்கு ஒரு படம் வருகிறது. மேசையில் கம்பளி விரித்து, அதன்மேல் பழைய நீளத் துப்பாக்கி ஒன்றைக் கிடத்தியிருக்கிறார்கள். மரக்கட்டை கருத்துப் பளபளக்கிறது. விசைக்குக் கீழே வளைந்த இரும்புப் பிடி. பக்கவாட்டில் ஒரு கிரீடம், அதன் கீழே 'வி.ஆர்.' என்ற எழுத்துகள். கூடவே நாலு வரி: "1880 மார்ட்டினி ஹென்றி. ஒத்தைத் தோட்டா. ஆண்டிக் பீஸ், லைசென்ஸ் வேண்டாம். சின்ன வேலை பாக்கி இருக்கு, பாத்துட்டா சுடும்."

கோத்தகிரி, குன்னூர், ஊட்டிப் பக்கம் இருக்கிறவர்களே, அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களையும் இன்னொரு முறை படியுங்கள். 'லைசென்ஸ் வேண்டாம்' என்பதையும் 'வேலை பார்த்தால் சுடும்' என்பதையும் ஒரே மூச்சில் சொல்கிறவர் உங்களைச் சிறைவாசல் வரை கைபிடித்துக் கூட்டிப்போகிறார். அவர் தெரியாமல் சொல்லலாம், தெரிந்தே சொல்லலாம். உள்ளே போகப் போவது நீங்கள்.

இதை ஏன் இவ்வளவு பதற்றமாக எழுதுகிறேன் என்றால், இந்த ஆசைக்கு நம் மலையைப்போல் வாகான மண் வேறில்லை. 1819-இல் ஜான் சல்லிவன் வந்து கோத்தகிரிக்குப் பக்கத்துக் கன்னேரிமுக்கில் தங்கியதிலிருந்து இங்கே துரை பங்களாக்கள் எழுந்தன. பங்களா என்றால் சுவரில் கொம்பு, கொம்புக்குக் கீழே துப்பாக்கி. வேட்டை மிதமிஞ்சிப் போய், 1877-இல் துரைமார்களே நீலகிரி வேட்டைச் சங்கத்தைத் தொடங்கி, 1879-இல் தனிச் சட்டம் கொண்டுவரும் நிலை வந்தது. அதற்கு முந்தைய வருஷம், 1878-இல், லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் இந்தியர்கள் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் கட்டாயம் என்றது, வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் விலக்கு அளித்தது. எந்தப் பதிவிலும் ஏறாத துப்பாக்கிகள் எத்தனை எஸ்டேட்டுகளில் இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். துரை கப்பல் ஏறினார், பங்களா கைமாறியது, பரணும் ஸ்டோர் ரூமும் அப்படியே கைமாறின.

இப்போது அதே பங்களாக்கள் ஹோம்ஸ்டே ஆகின்றன. வரவேற்பறைச் சுவருக்குப் 'பழைய காலத்துக் களை' வேண்டும் என்று தேடுகிறார்கள். இன்னொரு பக்கம், துருப்பிடித்த துப்பாக்கியைச் சுரண்டி, எண்ணெய் போட்டு, புதுக் கட்டை பொருத்திக் கடைசியில் சுட்டுக் காட்டும் அமெரிக்க வீடியோக்களை நம் பையன்கள் ராத்திரி முழுக்கப் பார்க்கிறார்கள். 2003-இல் நேபாள அரண்மனை ஒன்றில் குவிந்துகிடந்த பழைய ஆயுதங்களை, மார்ட்டினி ஹென்றிகளும் அடக்கம், அமெரிக்க வியாபாரிகள் மொத்தமாக வாங்கிக் கப்பலேற்றினார்கள். அந்த வீடியோக்களில் சிலவற்றில் வருவது அந்தச் சரக்குதான். அங்கே 1898-ஆம் ஆண்டுக்குள் செய்த துப்பாக்கியை மத்தியச் சட்டம் பழம்பொருளாகவே பார்க்கிறது. இங்கிலாந்திலும் தோட்டா வழக்கொழிந்துபோன பழைய ரகங்களை அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ள விலக்கு உண்டு. வீடியோவில் பேசுகிற ஆள் பொய் சொல்லவில்லை, அவர் ஊர்ச் சட்டத்தைச் சொல்கிறார். அதை நம்பிக் கோத்தகிரி ஜான்ஸ் ஸ்கொயரில் நின்று துப்பாக்கிக்கு அட்வான்ஸ் கொடுக்கிறவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

நம் ஊர்ச் சட்டம் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். அதன் 45-ஆவது பிரிவில் ஒரு விலக்கு இருப்பது உண்மை. விற்கிறவர்கள் அதில் பாதியை மட்டும் படித்துக் காட்டுவார்கள். வழக்கொழிந்த மாதிரி, பழம்பொருள் மதிப்புள்ளது, பழுதானது என்று மூன்றைச் சொல்லி, இவற்றுக்குச் சட்டம் பொருந்தாது என்கிறது அந்தப் பிரிவு. ஆனால் அதே வரியில் ஒரு நிபந்தனையும் இருக்கிறது: பழுது பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, அதைத் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாததாக இருக்க வேண்டும். எத்தனை வருஷத்துப் பொருள் என்பது இங்கே கேள்வியே இல்லை. பழுது பார்த்தாலும் சுடக் கூடாது என்பதே அளவுகோல். 'சின்ன வேலை பாத்துட்டா சுடும்' என்று எழுதி அனுப்பியவர், இந்தத் துப்பாக்கிக்கு விலக்கு கிடையாது என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார். வழக்கு என்று வந்தால் அந்தச் செய்தி உங்கள் கைப்பேசியிலும் இருக்கும்.

இன்னொரு நியாயமும் சொல்வார்கள். 2020 பிப்ரவரியில் மத்திய உள்துறை அமைச்சகம் ஆயுத விதிகளைத் திருத்தியது. 'கியூரியோ', அதாவது அரிய பழம்பொருள், வகையில் வரும் சிறு ஆயுதங்களை இந்தியக் குடிமக்கள் வாங்கி வைத்திருக்க லைசென்ஸ் தேவையில்லை என்று சொன்னது. இதுவும் உண்மைதான். அடுத்த வாக்கியத்தைத்தான் யாரும் சொல்வதில்லை. அதைப் பயன்படுத்தவோ, எடுத்துச் செல்லவோ, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகவோ உரிய லைசென்ஸ் வேண்டும். உரிமையாளரின் லைசென்ஸில் அந்தத் துப்பாக்கி ஏறாமல் தோட்டா விற்கவும் கூடாது. அப்படியானால், உதாரணத்துக்கு, மைசூரில் இருக்கும் பொருளைக் கோத்தகிரிக்கு எப்படிக் கொண்டுவருவீர்கள்? கூரியரில் போட்டுவிடுகிறேன் என்பார். அந்த ஒரு பார்சலே தனிக் குற்றம். தவிர, உங்கள் கையில் இருப்பது கியூரியோவா இல்லையா என்று முடிவு செய்யும் அதிகாரம் விற்கிறவருக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. ஊட்டியில் கலெக்டர் அலுவலகத்துக்கு எழுத்தில் விண்ணப்பித்து, எழுத்தில் பதில் வாங்க வேண்டிய விஷயம் அது.

லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் என்ன ஆகும்? 2019 டிசம்பர் 14 முதல் அமலுக்கு வந்த திருத்தத்துக்குப் பின் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, அபராதம் தனி. இது வைத்திருந்ததற்கு மட்டும். வாங்கிய கையோடு 'கஸ்டமைஸ்' செய்யக் கிளம்புகிறவர் இதைவிடப் பெரிய பள்ளத்தில் கால் வைக்கிறார்.

துப்பாக்கியை மாற்றியமைப்பதும் பழுது பார்ப்பதும் விற்பதும் செய்வதும் ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவின்படி தனி லைசென்ஸ் உள்ளவர்களின் வேலை. குழலை வெட்டிக் குட்டையாக்குவதும், ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதும் 6-ஆவது பிரிவில் வருகின்றன. இவற்றை லைசென்ஸ் இல்லாமல் செய்தால் தண்டனை 7 ஆண்டில் தொடங்கி ஆயுள் வரை போகும். மறுபடியும் சொல்கிறேன், ஆயுள் தண்டனை வரை. ஷோகேஸில் பொருந்தவில்லை என்று குழலில் அரை அடி அறுத்தவருக்கும் இதே பிரிவுதான்.

மலை இறங்கினால் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் நல்ல மனிதரிடம் போய், "அண்ணே, இந்தக் குழாய்க்குள்ள ஒரு ஸ்லீவ் போட்டுக் குடுங்க" என்று கேட்கிறார்கள். அவருக்கு அது என்னவென்றே தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும் தெரியாததுபோல இருக்கலாம். எப்படியானாலும் வழக்கில் அவர் பெயரும் ஏறும். நாற்பது வருஷம் உழைத்து வைத்த பட்டறை அவருடையது. உங்கள் பொழுதுபோக்குக்காக அதைச் சீல் வைக்க விடாதீர்கள்.

மெருகேற்றுகிறவர்கள் செய்யும் ஒரு காரியம் எனக்கு நெஞ்சை அடைக்கிறது. துருவைப் போக்க உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள். சுவிட்சைப் போட்டால் சுற்றும் பஃபிங் வீலில் வைத்துக் கண்ணாடிபோல் ஆக்குவார்கள். அதோடு குழலில் பொறித்திருந்த எண்ணும் முத்திரையும் போய்விடும். துப்பாக்கியின் அடையாளக் குறியை அழிக்கக் கூடாது என்பது 8-ஆவது பிரிவு. குறி அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவரே அழித்தார் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். நான் அழிக்கவில்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. உங்களுக்கு விற்றவரோ, அவருக்கு விற்றவரோ பளபளப்புக்காகத் தேய்த்திருந்தாலும் சட்டம் உங்களைத்தான் கேட்கும். சேகரிப்பாளர் கண்ணிலும் அந்தத் தேய்ப்பு பாவம்தான். எந்த ஆண்டு, எந்த ஆலை, எந்தப் படைப்பிரிவு என்று அந்தப் பொருளின் சரித்திரம் முழுக்க அந்த நாலு பொறிப்பில்தான் இருந்தது.

அடுத்தது 'போர்', அதாவது குழலின் உள்விட்ட அளவு. மார்ட்டினி ஹென்றியின் சொந்தத் தோட்டா இப்போது நம் கடைகளில் கிடைக்காது. உடனே யோசனை சொல்ல நாலு பேர் வருவார்கள். "குழலை மாத்தி 303 ஆக்கிடலாம், தோட்டா ஈஸியா கிடைக்கும்." ஐயா, 303 இந்தியாவில் தடைசெய்யப்பட்ட போர். ராணுவத் தோட்டா. தடைசெய்யப்பட்ட ஆயுதம் லைசென்ஸ் இல்லாமல் கையில் இருந்தால் 7 முதல் 14 ஆண்டு சிறை. சாமானியருக்கென்று இஷாப்பூர் தொழிற்சாலை 315 போர் ரைஃபிளைத் தனியாகச் செய்ததே, ராணுவத் தோட்டா அதில் நுழையக் கூடாது என்பதற்காகத்தான். இந்தக் கவலை வெள்ளைக்காரன் காலத்திலேயே இருந்தது. மார்ட்டினி ஹென்றியின் தோட்டா 577/450. கலகக்காரர் கையில் இருக்கும் மார்ட்டினிக்கு அது போய்ச் சேரும் என்று பயந்து, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 450 போர் இந்தியாவுக்குள் வருவதையே தடுத்தார்கள். அதனால்தான் லண்டன் கன்மேக்கர்கள் இந்திய வேட்டைக்காரர்களுக்காக 465, 470 என்று புது அளவுகளைக் கண்டுபிடித்தார்கள். இன்றைக்குச் சுவரில் மாட்ட ஆசைப்படும் இந்தத் துப்பாக்கியைப் பார்த்து ஒரு சாம்ராஜ்யமே கலங்கியிருக்கிறது.

சட்டத்தை விடுங்கள். யாரும் பிடிக்கவே மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அந்த இரும்பு உங்களை மன்னிக்குமா?

என் பள்ளித் தோழன் ஒருவனுக்கு இடது கையில் இரண்டு விரல் இல்லை. தோட்டத்துப் பழைய ஒத்தைக்குழலில் அவன் மாமா ஒருவர் கொடுத்த தோட்டாவைப் போட்டு, ஒரே ஒரு முறை சுட்டான். குழல் வாய் வழியாகப் போக வேண்டியது பின்பக்கம் வெடித்தது. அவன் கண் தப்பியது தெய்வச் செயல். ஐம்பது வயதிலும் அவன் தேநீர்க் கோப்பையை வலது கையால் மட்டும் பிடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்தச் சத்தம் கேட்கிறது.

காரணத்தைப் புரிந்துகொள்ளுங்கள். மார்ட்டினி ஹென்றி பிரிட்டிஷ் படைக்கு 1871-இல் வந்தது. ஃபிரெடரிக் ஃபான் மார்ட்டினியின் பின்கதவு அமைப்பும் அலெக்சாண்டர் ஹென்றியின் குழலும் சேர்ந்தது அது. அதன் தோட்டாவில் 85 கிரெயின், அதாவது ஐந்தரை கிராம், கருமருந்து. ஈயக் குண்டு 480 கிரெயின், முப்பத்தொரு கிராம். கருமருந்து எரிந்தால் புகை மண்டும், அழுத்தம் ஓர் அளவோடு நிற்கும். அந்த அளவுக்குத்தான் அந்தக் குழலும் கதவும் செய்யப்பட்டன. புகையில்லா மருந்து வந்தது பிறகு. கார்டைட் 1889-இல் கண்டுபிடிக்கப்பட்டது. நம் அருவங்காட்டுக் கார்டைட் தொழிற்சாலை எழுந்தது 1903-இல். உங்கள் கையில் இருக்கும் துப்பாக்கி, குன்னூர் தாண்டி ரயிலில் போகும்போது பார்க்கிற அந்தத் தொழிற்சாலையைவிட மூத்தது. அங்கே செய்த மருந்தின் வீரியத்தை அது கனவிலும் கண்டதில்லை. இன்றைய தோட்டாவை அதில் போட்டால் குழல் தாங்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

அந்தக் காலத்துப் பல வேட்டைத் துப்பாக்கிகளின் குழல்களில் அலை அலையாக அழகான கோலம் தெரியும். டமாஸ்கஸ் குழல் என்பார்கள். இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் முறுக்கி, ஒரு கம்பியைச் சுற்றிக் காய்ச்சி அடித்து ஒட்டியது அது. அந்தக் கோலம் முழுக்க ஒட்டுத் தையல். தையலுக்குள் துரு இறங்கினால் வெளியே தெரியாது. நம் ஊர்க் காற்றைச் சொல்ல வேண்டுமா? ஐப்பசி கார்த்திகையில் கதவே உப்பிக்கொண்டு சாத்த மறுக்கிறது, பெட்டியில் வைத்த பட்டுப்புடவை பூஞ்சணம் பிடிக்கிறது. நூறு வருஷம் இந்த மூடுபனியைக் குடித்த குழலுக்குள் எத்தனை குழி விழுந்திருக்கும்! மேலே மட்டும் எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு 'மின்ட் கண்டிஷன்' என்கிறார்கள்.

இங்கிலாந்தில் துப்பாக்கி செய்தால் விற்பதற்கு முன் அதிக மருந்து போட்டுச் சுட்டுச் சோதிப்பார்கள். லண்டனில் 1637 முதல் கன்மேக்கர் சங்கமும், பர்மிங்காமில் 1813 முதல் சோதனைக்கூடமும் இதைச் செய்து முத்திரை குத்துகின்றன. கருமருந்துக்குச் சோதித்த முத்திரை வேறு, புகையில்லா மருந்துக்குச் சோதித்த முத்திரை வேறு. குழலுக்குள் ஸ்லீவ் போட்டாலோ உள்ளே கடைந்து அகலப்படுத்தினாலோ பழைய முத்திரைக்கு அர்த்தமே இல்லை. அது வேறு குழல் ஆகிவிட்டது. அந்த நிமிஷத்திலிருந்து சோதனைக்கூடம் நீங்கள், சோதிக்கப்படுவது உங்கள் கன்னம்.

அந்தக் கிரீடமும் 'வி.ஆர்.'-உம் உண்மைதானா என்பது தனிக் கதை. கைபர் கணவாய்ப் பக்கம், தர்ரா ஆதம் கேலில், பல தலைமுறையாகப் பட்டறைகளில் மார்ட்டினி நகல்களைச் செய்கிறார்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாத கையால் முத்திரையைப் பார்த்துப் பொறித்ததால், சில நகல்களில் எழுத்து திரும்பி நிற்கும், எழுத்துப்பிழை இருக்கும். எந்த இரும்பு, எப்படிக் காய்ச்சியது என்று செய்தவருக்கே தெரியாது. அசலே ஆபத்து என்னும்போது இதைப் பற்றி என்ன சொல்ல?

துப்பாக்கி வரவே வராத வியாபாரமும் உண்டு. இதையும் தெரிந்துகொள்ளுங்கள். அட்வான்ஸ் போடச் சொல்வார்கள். பிறகு பேக்கிங் செலவு, பிறகு 'பர்மிட்' செலவு. கடைசியில், "பார்சலை வழியில் போலீஸ் பிடித்துவிட்டது, உங்கள் பெயர் இருக்கிறது, சரிக்கட்ட இவ்வளவு வேண்டும்" என்று ஒரு குரல் பேசும். வாங்க முயன்றதே தவறு என்று உங்களுக்குத் தெரியும் என்பதால் வாயைத் திறக்க மாட்டீர்கள் என்பது அவர்கள் கணக்கு. வாயைத் திறங்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே பேசுங்கள். ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு போய் நடந்ததை எழுதிக் கொடுங்கள். செய்தியை அழிக்காதீர்கள். மிரட்டலுக்குப் பணிந்து ஒரு முறை கொடுத்தவர் ஒரு முறையோடு நிறுத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

காட்டுமாடும் பன்றியும் வந்து தோட்டத்தை நாசம் செய்கின்றன, அதற்காகத்தான் என்று சிலர் சொல்வது என் காதில் விழுகிறது. கேரட் பாத்தி ஒரே ராத்திரியில் உழுதுபோட்டதுபோல் ஆகிவிடுவதை நானும் பார்த்திருக்கிறேன். வயிறு எரியும். ஆனாலும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுமாடு முதல் அட்டவணையில் இருக்கிறது. காட்டுப்பன்றி விஷயத்தில் தமிழக அரசு 2025 ஜனவரியில் கொண்டுவந்த ஏற்பாட்டிலும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறைதான் சுடலாம், விவசாயி அல்ல. சரணாலயத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் புதிதாகத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுக்கவே தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் ஒப்புதல் வேண்டும். முதுமலைப் பக்கம் நிலம் வைத்திருக்கிற உறவினருக்கு இதைச் சொல்லி வையுங்கள். சேதத்துக்கு வனத்துறையிடம் இழப்பீடு கேளுங்கள், கேட்டுக்கொண்டே இருங்கள். ஒத்தைத் தோட்டாவைச் சுட்டுவிட்டு, காயப்பட்ட காட்டுமாட்டின் முன்னால் நின்று அடுத்த தோட்டாவைத் தேடும் நிலை எந்த மனிதருக்கும் வரக் கூடாது.

முறைப்படி வாங்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. மெதுவான வழி. கலெக்டரிடம் லைசென்ஸுக்கு விண்ணப்பம், போலீஸ் விசாரணை, ஆயுதம் கையாளும் பயிற்சிச் சான்று, தேசியப் பதிவில் ஏறும் தனி அடையாள எண். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கிடையாது. லைசென்ஸ் உள்ள ஒருவர் தன்னுடையதை லைசென்ஸ் உள்ள இன்னொருவருக்கு விற்கலாம். ஆனால் யாருக்கு விற்கிறார் என்று மாவட்ட நிர்வாகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் காத்திருக்க வேண்டும். 'நாளைக்கே கையில்' என்கிற எந்த வியாபாரமும் இந்த 45 நாளோடு ஒத்துப்போகாது. அதை மட்டும் நினைவில் வைத்தாலே பாதிப் பேர் தப்பிப்பார்கள். வேலை பார்க்க வேண்டுமானால் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்கு எடுத்துப் போங்கள், ரசீது வாங்குங்கள். ஹோம்ஸ்டே சுவருக்கு அழகுதான் வேண்டும் என்றால், மரத்தில் கடைந்த மாதிரி போதும். விருந்தாளியின் குழந்தை அதைத் தொட்டாலும் உங்களுக்குத் தூக்கம் வரும். இன்னொன்று, நூறு வருஷம் தாண்டிய பொருளை வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்கு அனுப்பிக் காசு பார்க்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டம் அந்த வழியையும் அடைத்திருக்கிறது.

இனி, வாங்காமலே வந்து சேர்ந்த துப்பாக்கி. எனக்கு உண்மையில் இதுதான் பெரிய கவலை. அப்பா இறந்து ஆறு மாதம் கழித்து எங்கள் வீட்டுப் பரணில் கோணிச்சாக்கில் சுற்றிய ஒத்தைக்குழல் கிடைத்தது. லைசென்ஸ் புத்தகம் அவர் ட்ரங்குப் பெட்டியில் இருந்தது, புதுப்பித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போவோம் என்று கிளம்பியவனை, வக்கீலாக இருந்த சித்தப்பா வாசலிலேயே மறித்தார். "தம்பி, அதத் தொடாத. தூக்கிட்டு ரோட்ல நடந்தா அதுவும் குத்தம்தான். மொதல்ல எழுதிக் குடு. அவங்க சொல்றபடி செய்." கிடைத்த தேதி, இடம், அப்பாவின் லைசென்ஸ் எண், இறப்புச் சான்றிதழ் நகல் எல்லாவற்றையும் வைத்து எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிய பிறகுதான் துப்பாக்கி பரணை விட்டு இறங்கியது.

லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்தால் துப்பாக்கியைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு தன் பெயருக்கு விண்ணப்பிக்க 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் இடம் கொடுக்கின்றன. மனைவி, மகன், மகள் போன்ற குடும்பத்தார் விண்ணப்பிக்கலாம். உயிரோடு இருக்கும்போதே, 70 வயது ஆனவரோ 25 வருஷம் வைத்திருந்தவரோ வாரிசுக்கு மாற்றிவிடலாம். உங்கள் வீட்டுப் பெரியவர் அந்த வயதில் இருந்தால் இந்த மாதமே உட்கார்ந்து பேசுங்கள். அவருக்குப் பின் பரணேறித் தேடுகிற நிலையைப் பிள்ளைகளுக்கு வைக்க வேண்டாம்.

எழுத்தே இல்லாத, எந்தப் பதிவிலும் ஏறாத பழைய துப்பாக்கி கிடைத்தாலும் பயந்து குழி தோண்டிப் புதைக்காதீர்கள், பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். ஒரு வக்கீலைப் பாருங்கள், பிறகு காவல் நிலையத்துக்கு எழுதுங்கள். நீங்களாகப் போய்ச் சொல்வதற்கும் சோதனையில் அகப்படுவதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

அது குழல்வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய நாட்டுத்துப்பாக்கியாக இருந்தால் இன்னும் நூறு மடங்கு எச்சரிக்கை வேண்டும். பன்றி வரும் என்று மருந்தும் ரவையும் கெட்டித்து வைத்து, பன்றி வராமல், அப்படியே சுவரில் சாத்திவிட்டுப் போன தாத்தாக்கள் இருந்தார்கள். இப்படிக் கெட்டித்தபடியே கிடந்த துப்பாக்கிகள் உலகம் முழுக்க அருங்காட்சியகங்களில்கூட அகப்படுகின்றன. கருமருந்து காய்ந்த இடத்தில் இருந்தால் நூறு வருஷம் ஆனாலும் சாவதில்லை. ஒரு பொறி போதும். துருவைச் சுரண்டுகிற கம்பி போதும், ஓட்டை போடுகிற ட்ரில் போதும், வெல்டிங் வைத்தால் கேட்கவே வேண்டாம். எந்தப் பழைய துப்பாக்கியையும் கெட்டித்திருக்கிறது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். குழல் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் யாரையும் நிற்க விடாதீர்கள். குதிரையைப் பின்னுக்கு இழுத்துப் பார்க்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணை வைத்துப் பார்க்கவே பார்க்காதீர்கள். அந்த அறையைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு போன் செய்யுங்கள்.

சித்திரை பிறந்தால் சமவெளியிலிருந்து பேரன் பேத்திகள் மலையேறி வந்துவிடுவார்கள். வெயில் இல்லாத வீட்டில், மழை பிடித்த ஒரு மத்தியானத்தில், பிள்ளைகளுக்குப் பரணைத் தவிர வேறு விளையாட்டு எது? அவர்கள் வருவதற்கு முன்னால் நீங்கள் ஒரு முறை ஏணி போட்டு ஏறி, டார்ச் அடித்துப் பாருங்கள். கோணிச்சாக்கில் நீளமாக ஏதாவது தெரிந்தால், அவிழ்க்காமல் இறங்கி வாருங்கள்.